ஒரே நாளில் 130 மீட்டர்

ஆழ்கடலின் அடியில் ஒரு சென்டிமீட்டர் சேறு படியவே பல நூறு ஆண்டுகள் ஆகும். மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில், பாதி நிலத்திலும் பாதி கடலிலுமாகப் புதைந்து கிடக்கும் சிக்சுலுப் பள்ளத்திலோ ஒரே நாளில் சுமார் 130 மீட்டர் படிந்திருக்கிறது. நாற்பது மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே மோதிய விண்கல்தான் டைனோசர்களின் காலத்தை முடித்து வைத்தது. இத்தாலியின் குபியோ நகருக்கு அருகே, மெல்லிய களிமண் படிவில், விண்கற்களில் மிகுந்து காணப்படும் இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதை வைத்து, லூயி ஆல்வரெஸும் அவர் மகன் வால்டரும் 1980-இல் இந்தக் கருத்தைச் சகாக்களுடன் முன்வைத்தார்கள். பள்ளம் எங்கே என்பது அப்போது தெரியவில்லை. உண்மையில், எண்ணெய் தேடி யுகடானில் ஆய்வு நடத்தியவர்களின் கண்ணில் அந்த வட்டம் ஏற்கெனவே பட்டிருந்தது. விண்கல் விழுந்த இடம் அதுதான் என்பது 1991-இல்தான் பரவலாகத் தெரியவந்தது.

2016-இல் ஷான் குலிக், ஜோவன்னா மார்கன் இருவரின் தலைமையில் ஒரு பன்னாட்டுக் குழு, பள்ளத்தின் உள்வளையத்தைக் கடலிலிருந்து துளையிட்டது. கடலடிக்குக் கீழே சுமார் 1,335 மீட்டர் வரை துளை இறங்கியது. மேலே வந்த உருளை உருளையான பாறைத் துண்டுகளை, அந்த நாளின் நாட்குறிப்பாகவே வாசிக்க முடிகிறது.

அடியில் இருப்பது, பூமியின் ஆழத்திலிருந்து சில நிமிடங்களில் மேலே தள்ளப்பட்ட கருங்கல். அதன்மேல் உருகி இறுகிய பாறை. அதற்கும் மேலே, உடைந்த கற்களும் கண்ணாடித் துணுக்குகளும் கலந்த படிவு. இந்தப் படிவை நெருங்கிப் பார்த்தால் கீழே பெருங்கற்கள், மேலே போகப் போகச் சிறு துணுக்குகள், பிறகு மணல். வெறுமையான பள்ளத்துக்குள் கடல் திரும்பப் பாய்ந்து, கனமானதை முதலில் இறக்கி, நுண்துகளைக் கடைசியாக விட்டதன் தடயம் இது. உச்சியில் கரித்துண்டுகளும் நிலத்து மண்ணின் சுவடுகளும் கிடைத்தன. எங்கோ எரிந்த காட்டின் மிச்சத்தை, கரையில் மோதித் திரும்பிய சுனாமி இழுத்து வந்திருக்கிறது.

இருப்பதைவிட இல்லாததுதான் இங்கே அதிகம் பேசுகிறது. விண்கல் தாக்கிய நிலத்தில் ஜிப்சம் போன்ற கந்தகம் செறிந்த பாறைகள் ஏராளம். துளையில் எடுத்த படிவிலோ அவை அநேகமாக இல்லை. அந்தக் கந்தகம் ஆவியாகி வளிமண்டலத்துக்குப் போய், சூரிய ஒளியை மறைத்து, பூமியைக் குளிரில் தள்ளியது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. டைனோசர்களை ஒழித்தது மோதலைவிட அதைத் தொடர்ந்த இருளும் குளிரும்தான் என்ற வாதத்துக்கு இது வலுவான ஆதாரம்.

அந்த 130 மீட்டருக்கும் மேலே முக்கால் மீட்டர் தடிமனில் ஒரு பழுப்புப் படிவு. கலங்கிய நீரிலிருந்து நுண்துகள் மெல்ல இறங்கிச் சேர்ந்தது. இரிடியமும் அதன் உச்சியை ஒட்டியே கிடைத்தது. அதே படிவில் சிற்றுயிர்கள் குடைந்த வளைத் தடங்களும், நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளும் இருக்கின்றன. மோதல் நடந்த சில ஆண்டுகளிலேயே அங்கே உயிர்கள் இருந்திருக்கின்றன. 30,000 ஆண்டுகளில் அந்தக் கடல் செழித்துவிட்டது. தொலைவிலிருந்த சில கடல்கள் மீள இதைவிடப் பல மடங்கு காலம் பிடித்ததால், பள்ளத்துக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்பது மீட்சியின் வேகத்தைத் தீர்மானிக்கவில்லை என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.