கழித்த பத்தும் கணக்கில் நூறும்



முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அவ்வளவு காலமும் வருமான வரி செலுத்தினேன். ஆயினும் அதன்பொருட்டு ஒரு வரிகூடக் கணக்கு எழுதியதில்லை. பள்ளி எழுத்தர் சம்பளத்திலேயே வரியைப் பிடித்துக்கொள்வார். ஆண்டு முடிவில் ஒரு சான்றிதழ் தருவார். அதிலுள்ளதைப் பார்த்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது. மாதச் சம்பளக்காரனுக்கு வாய்த்த சௌகரியம் அது. உங்களுள் பலருக்கு அது வாய்க்கப்போவதில்லை. வரைபடம் தயாரித்தும், மொழிபெயர்த்தும், கணினிக்கு நிரல் எழுதியும், ஆலோசனை கூறியும், எந்த ஒரு முதலாளிக்கும் கட்டுப்படாமல் தனித்துப் பொருளீட்டுவோர் இன்று பெருகி வருகின்றனர். அத்தகையோர் இணையத்தின் வழியே வருமான வரிக் கணக்கை ஒப்புவிப்பது எங்ஙனம், இடறி விழும் இடம் யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் வருமான வரியை 1860ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24ஆம் நாள் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1857இன் புரட்சிக்குப்பின் வெறுமையாகிக் கிடந்த கருவூலத்தை நிரப்ப அவர் கண்ட வழி அது. அன்று தொட்டு நெடுங்காலம் வரி செலுத்துவோன் தன் வருமானத்தைச் சொல்வான். அதிகாரி அதை ஆராய்வார். இன்று அந்த வரிசை தலைகீழாக மாறிவிட்டது. நாம் வாய் திறப்பதற்கு முன்னரே அரசாங்கம் பெரும்பகுதியை அறிந்து வைத்திருக்கிறது. 2021 நவம்பரில் வருமான வரித்துறை 'ஆண்டுத் தகவல் அறிக்கை' என்றொன்றைத் தன் இணையதளத்தில் அமைத்தது. நமது பான் எண்ணின்கீழ் வங்கி தந்த வட்டி, பங்கு விற்ற தொகை, பிறர் நமக்குக் கொடுத்த கட்டணம், அதில் பிடித்த வரி ஆகிய பலவும் அதில் ஏறிவிடுகின்றன.

பிடித்த வரி என்றேனே, அதை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிறுவனம் ஒரு நிபுணருக்கு ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழிற்கட்டணம் கொடுக்குமானால், அதிலிருந்து பொதுவாக நூற்றுக்குப் பத்து வீதம் கழித்து, அவர் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டிவிட வேண்டும். 2025 மார்ச் முடிய இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. நீங்கள் 60,000 ரூபாய்க்குப் பில் அனுப்பினால் உங்கள் வங்கிக்கு வந்து சேர்வது 54,000. இளைஞர்கள் தடுமாறுவது இவ்விடத்தில்தான். வங்கிப் புத்தகத்தைப் பார்த்து 54,000 தான் வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வருமானம் 60,000, முன்னதாகக் கட்டிய வரி 6,000. துறையின் அறிக்கையிலும் 60,000 என்றுதான் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

இனி அந்த ஆறாயிரம் போனது போனதுதானா? அன்று. 2025-26ஆம் நிதியாண்டு முதல் புதிய வரித்திட்டத்தில், 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானமுள்ள இந்தியவாசிக்குத் தள்ளுபடியின் பயனாக வரியே இல்லாமற் போகிறது. ஆகவே தொழில் தொடங்கும் நிலையிலுள்ள பலருக்குப் பிடித்த பணம் முழுவதும் திரும்பி வரவேண்டிய பணமே. ஆனால் கணக்குத் தாக்கல் செய்தவருக்குத்தான் அது வரும். "எனக்கு வரியே இல்லையே, நான் ஏன் தாக்கல் செய்ய வேண்டும்?" என்று இருந்துவிடுபவர் தம் பணத்தைத் தாமே கைவிடுகிறார்.

என்னிடம் பயின்ற பெண் ஒருத்தி கட்டடப் பொறியாளர். வீட்டிலிருந்தே ஆலோசனைத் தொழில் செய்கிறாள். மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர் போன்ற சில தொழிலினர்க்கு ஒரு சலுகை உண்டு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்கு மேற்படாதபோது, அதில் பாதியை வருமானமெனக் காட்டி வரி கட்டலாம். செலவுகளுக்குத் தனித்தனியே கணக்குப் புத்தகம் வைக்க வேண்டுவதில்லை. ரொக்க வரவு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். அவளும் இவ்வழியையே மேற்கொண்டாள். கணக்குப் புத்தகம் வேண்டாமென்று சட்டமே சொல்லும்போது வரவை மட்டும் ஏன் எழுதி வைக்கிறாய் என்று தோழியர் நகைத்தார்களாம்.

2023-24ஆம் நிதியாண்டுக்கு அவள் தாக்கல் செய்யப் புகுந்தபோது, ஒரு நிறுவனம் கழித்த 6,000 ரூபாய் அறிக்கையில் காணப்படவில்லை. பணத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், மூன்று மாதத்துக்கொருமுறை துறைக்கு அளிக்கவேண்டிய விவரத்தை அளிக்காமல் விட்டிருந்தார்கள். கழித்த வரியை உரியவரிடமே மறுபடி கேட்கலாகாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெங்களூரில் கணக்குகளைச் சரிபார்க்கும் கணினி, அறிக்கையில் ஏறாத தொகையை வரவு வைப்பதில்லை. சட்டம் நம் பக்கம், இயந்திரம் எதிர்ப்பக்கம் என்ற நிலை! அவளிடம் பில்லின் எண், தேதி, வந்த தொகை, கழித்த தொகை யாவும் இருந்தன. அவற்றை எழுதி வங்கிப் பதிவின் நகலையும் சேர்த்து அனுப்பினாள். முதற்கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பின் நிறுவனம் விடுபட்ட விவரத்தை அளித்தது. அதன் பின்னரே அவள் தாக்கல் செய்தாள், பணமும் வந்தது. நினைவை மட்டும் நம்பியிருந்தால் எந்தப் பில் என்பதையே அவள் சொல்லியிருக்க முடியாது.

சில சமயம் மறுதலையாகவும் நேரும். நமதல்லாத தொகை நம் பெயரில் ஏறியிருக்கும், அல்லது ஒரே தொகை இருமுறை ஏறியிருக்கும். அறிக்கையின் ஒவ்வொரு பதிவுக்கு எதிரிலும் 'இது சரியன்று', 'இது என்னுடையதன்று' என மறுப்புத் தெரிவிக்க இணையதளத்தில் இடமுண்டு. அச்சிட்டு வந்ததெல்லாம் உண்மையென்று நம்பும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. என் வகுப்பிலும் கண்டிருக்கிறேன்.

தாக்கல் செய்தபின் முப்பது நாட்களுக்குள் அதை உறுதிப்படுத்த வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணை இட்டாலே போதும். இதை மறந்தால் தாக்கல் செய்ததன் பயன் கெடும்.

2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துள்ளது. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டைப் பெயர்கள் போய் 'வரி ஆண்டு' என்ற ஒன்றே நிற்கிறது. இப்பெயர்களைப் பிறருக்கு விளக்கப் புகுந்து நானே குழம்பியதுண்டாகையால், இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அண்மையில் அப்பெண் தன் குறிப்பேட்டை எனக்குக் காட்டினாள். தேதி, பில் எண், கேட்ட தொகை, கழித்தது, வந்தது என ஐந்து கட்டங்கள். ஆறாவதாக 'அறிக்கையில் ஏறியதா?' என்றொரு கட்டம் புதிதாகச் சேர்த்திருக்கிறாள். காலாண்டுதோறும் இணையதளத்தைப் பார்த்து அதை நிரப்புகிறாளாம். நான் பார்த்த பக்கத்தில் இரண்டு இடங்கள் இன்னும் காலியாக இருந்தன. அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் அன்று மாலையே கடிதம் எழுதப்போவதாகச் சொன்னாள்.