மரம் நடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கர்நாடகத்தில் நம் ஊரான சந்தாபுராவில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா, குழந்தைகளே? வாய்க்கால் வழியாகச் சந்தாபுரா ஏரிக்குப் போகிறது. ஏரி நிரம்பினால் அடுத்துள்ள முத்தாநல்லூர் ஏரிக்கு. பிறகு தென்பெண்ணை ஆற்றில் சேர்ந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் தாண்டி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. அந்தக் கடலின் தென்மேற்கு ஓரத்தில் இருக்கும் தீவுதான் இலங்கை.

பூமி சூடாகச் சூடாகக் கடல் மட்டம் உயர்கிறது. புயலும் மழையும் கடுமையாகின்றன. நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவுக்கு இது பெரிய ஆபத்து. அதனால் இலங்கை மக்கள் தங்கள் கரையைக் காக்க அலையாத்தி மரங்களை நம்பினார்கள். கண்டல் மரங்கள் என்றும் இவற்றைச் சொல்வார்கள்.

உப்புச் சேற்றில் எப்படி வாழ்கின்றன?

சாதாரணச் செடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் வாடிவிடும். கண்டல் மரங்களோ ஆறும் கடலும் கலக்கும் சேற்றிலேயே நிற்கின்றன. சில வகைகள் உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடும். வெண்கண்டல் தன் இலை வழியாக உப்பை வெளியேற்றும். நல்ல வெயிலில் அந்த இலையைத் தடவினால் விரலில் உப்புத் தூள் ஒட்டும்! சேற்றுக்குள் காற்று இருக்காது. ஆகவே வெண்கண்டலின் வேர்கள் மண்ணுக்கு மேலே குத்திட்டு நின்று, நுண்ணிய துளைகள் வழியாக மூச்சு விடும். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். முற்றியதும் விழுந்து சேற்றில் வேர்விடும். இல்லாவிட்டால் மிதந்து போய் வேறு இடத்தில் வேர்விடும்.

பின்னிக் கிடக்கும் வேர்கள் அலையின் வேகத்தைக் குறைக்கும். மீன், இறால், நண்டுக் குஞ்சுகள் அங்கே ஒளிந்து வளரும். இன்னொரு பெரிய உதவியும் உண்டு. உதிர்ந்த இலையும் செத்த வேரும் காற்றில்லாத சேற்றில் சீக்கிரம் மட்காது. மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் அந்தச் சேற்றுக்குள் நெடுங்காலம் தங்கிவிடும். பூமி சூடாவதைக் குறைக்க இது உதவும்.

நட்டும் ஏன் பிழைக்கவில்லை?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பிறகு, இலங்கையில் பல இடங்களில் கண்டல் கன்றுகளை நட்டார்கள். 1,000 ஹெக்டேருக்குக் குறையாமல் முயற்சி நடந்தது. ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்தார்கள். 2017-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்ட பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் தேறியிருந்தது.

ஏன் இப்படி? இலங்கைக் கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நிலம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் கன்று எப்போதும் மூழ்கிக் கிடக்கும். கொஞ்சம் உயர்ந்திருந்தால் தண்ணீரே எட்டாது. இதைப் பார்க்காமல், சுலபமாகக் கிடைத்த வகையையே எல்லா இடத்திலும் நட்டார்கள். சில இடங்களில் மாடுகள் மேய்ந்துவிட்டன. நட்ட பிறகு கவனிக்கவும் ஆள் இல்லை.

பிச்சாவரம் காட்டிய வழி

சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில், முன்பு பகுதி பகுதியாகக் கண்டல் மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து, அமுங்கிப் பள்ளமானது. அங்கே தேங்கிய கடல்நீர் ஆவியாக ஆவியாக உப்பு ஏறியது. புதுக் கன்று முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டினார்கள். நடுவே பெரிய கால்வாய், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். தண்ணீர் உள்ளே வந்து வெளியே போகத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. காடு திரும்பியது!

இலங்கையும் பாடம் கற்றது. ஆனைவிழுந்தாவ சரணாலயத்தில், கைவிடப்பட்ட இறால் பண்ணைகளுக்குள் தண்ணீர் பழையபடி ஓட வழி செய்கிறார்கள். 2024-இல் ஐ.நா. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை உலகுக்கு முன்மாதிரியாக அறிவித்தது.

நம் ஏரிக்கும் இதேதான்

சந்தாபுரா ஏரியில் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலந்தன. அதைத் தடுக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏரிக்குள் வரும் தண்ணீர் சுத்தமாகாமல் கரையில் எத்தனை கன்று நட்டாலும் ஏரி பிழைக்காது.

செய்து பாருங்கள்

முளைகட்டிய பச்சைப்பயறை மூன்று கிண்ணங்களில் போடுங்கள். ஒன்றில் ஈரத் துணி விரித்து அதன்மேல் போடுங்கள். இரண்டாவதில் முழுக்க மூழ்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றாவதில் உப்பு நீரில் நனைத்த துணியை விரித்து அதன்மேல் போடுங்கள். ஐந்து நாள் பார்த்து, மாற்றங்களைத் தினமும் எழுதுங்கள். பயறு ஒன்றுதான், தண்ணீர் மட்டும்தான் வேறு.

அடுத்த முறை உங்கள் பள்ளியில் மரம் நடக் கூப்பிட்டால் சந்தோஷமாகப் போங்கள். போனதும் ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த மண்ணுக்கு இந்த மரம் ஒத்துவருமா? தண்ணீர் எந்த வழியாக வந்து போகும்? அடுத்த வருஷம் இதை யார் கவனிப்பார்கள்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு குழி தோண்டுங்கள்.