எட்டு எம்.எம். சல்லடையும் ஏலக்காய் முடிச்சும்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்தில் சல்லடைக்கு மரியாதை அதிகம். எட்டு எம்.எம். கண்ணில் விழாமல் மேலே நிற்கிற காய்க்குத்தான் நல்ல விலை.

வேதியியலாரிடமும் ஒரு சல்லடை உண்டு. பார்க்க வெறும் வெள்ளைப் பொடி. பெயர் டி.எஸ்.-1; 1983-ல் இத்தாலியர்கள் காப்புரிமை பெற்றது. சிலிக்காவில் அங்கங்கே ஒரு டைட்டானியம் அணு. துளையின் அகலம் 0.55 நானோமீட்டர், அதாவது போடிச் சல்லடைக் கண்ணில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு. ஒற்றை பென்சீன் வளையம் நுழையும், பருத்தது வெளியே நிற்கும்.

இதுபோன்ற பொடிகள் எதற்கு? கல்லூரி ஆய்வகத்தில் டொலுவீனைப் பென்சோயிக் அமிலமாக்கியவர்களுக்குக் கைநிறையக் கறை நினைவிருக்கும். கணக்குப்படி 122 கிராம் அமிலத்துக்கு 316 கிராம் பெர்மாங்கனேட் போக வேண்டும். கூடவே 174 கிராம் மாங்கனீசு டையாக்சைடு, பழுப்புச் சேறாக. சரக்கைவிடச் சக்கை அதிகம்! அதே வேலையைக் காற்றின் ஆக்சிஜன் செய்தால் மிஞ்சுவது 18 கிராம் தண்ணீர். ஆனால் ஆக்சிஜனைச் சும்மா உசுப்பிவிட முடியாது, வினையூக்கி வேண்டும். தொழிற்சாலைகளில் கோபால்ட் உப்பைத் திரவத்திலேயே கரைத்துவிடுகிறார்கள். கரைந்ததை வடிகட்டி எடுக்க முடியுமா? அங்கேதான் திடப்பொடிக்கு வேலை வருகிறது: வடிகட்டு, சுட்டுக் கரியை எரி, மறுபடி போடு.

பருத்த மூலக்கூறுகளும் நுழையும்படி 1992-ல் எம்.சி.எம்.-41 என்ற அகலத்துளைச் சிலிக்கா வெளியானது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அதன் சுவரில் மாங்கனீசு போன்ற உலோகங்களைப் பதித்து, எத்தில்பென்சீனை அசிட்டோஃபினோனாக மாற்றிப் பார்த்தார்கள். இந்தத் துறையில் பலர் காற்றுக்குப் பதில் டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு வகையறாவை ஊற்றிவிட்டுப் 'பசுமை' என்று எழுதுவது எனக்கு உறுத்தும். அது தண்ணீராக முடிவதில்லை, ஆல்கஹாலை மிச்சம் வைக்கிறது.

அதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. ஏலக்காயைத் துணியில் முடிந்து பாயசத்தில் போட்டு, முடிச்சை எடுத்த பிறகும் வாசம் போவதில்லையே, அதுபோல. பொடியிலிருந்து உலோகம் கசிந்து திரவத்தில் கலந்து, அதுவே வேலையை முடித்துவிட்டிருக்கலாம். குரோமியச் சல்லடைகளில் இப்படித்தான் நடக்கிறது என்று நெதர்லாந்தின் ரோஜர் ஷெல்டன் 1990-களிலேயே எச்சரித்தார். கண்டுபிடிக்க எளிய வழி: வினை பாதியில் இருக்கும்போது, கொதிக்கக் கொதிக்க வடிகட்டுவது. ஆறவிட்டால் கசிந்த உலோகம் பொடியிலேயே திரும்பப் படிந்து ஆளை ஏமாற்றும். வடிகட்டிய திரவத்திலும் வினை தொடர்ந்தால், குட்டு வெளிப்பட்டது.

'ஐந்து முறை மறுபயன்பாடு' என்று இனி ஏதாவது வினையூக்கிக் கட்டுரையில் படித்தால், சூடாக வடிகட்டிப் பார்த்தார்களா என்று தேடுங்கள்.