கொல்லையில் ஒரு கோழிக்கூடு

பரீதாபாத் போன்ற புறநகரில் குடியேறிய நம்மவர் சிலருக்குக் கொல்லை என்று சொல்லிக்கொள்ளச் சிறிது நிலம் வாய்த்திருக்கிறது. அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, இரண்டு வாழை நட்ட பிறகும் ஒரு மூலை மிஞ்சுமாயின், அங்கே ஐந்தாறு பெட்டைக்கோழிகளை வளர்க்கலாம் என்பது எங்கள் கருத்து. முட்டையைத் தீண்டாத அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உளர். அவர்கள் இக்கட்டுரையைப் பொறுத்தருள வேண்டுகிறோம். கறிவேப்பிலைக்குக் கோழி எருவைப்போல் பிறிதொன்றில்லை என்பதை மட்டும் அவர்கள் செவியில் போட்டுவைக்கிறோம்.

ஊரில் கோழிக்கென்று தனியே கூடு கட்டியதை நாங்கள் அதிகம் கண்டதில்லை. பகலெல்லாம் தெருவில் மேயும். அந்தி சாய்ந்ததும் திண்ணையோரம் வந்து நிற்கும். மூங்கிற் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் தீர்ந்தது காரியம். அந்த நினைவிலேயே நாங்களும் முதற்கூட்டை அமைத்தோம். பழைய பலகைப்பெட்டி ஒன்றின் அடியைக் கழற்றி மண்தரையில் நிறுத்தி, முன்புறம் அறுகோணக் கண்ணுள்ள கோழிவலையை ஆணியடித்துவிட்டோம். மூன்று மாதம் ஒரு குறையுமில்லை. கார்த்திகையில் ஒரு விடியற்காலை கீரி ஒன்று பெட்டியின் அடியில் மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்துவிட்டது. கூச்சல் கேட்டு நாங்கள் ஓடுவதற்குள் ஆறில் நான்கு கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. ஒன்றையேனும் அது தின்னவில்லை. கோழிகளுக்கெல்லாம் பெயரிட்டு அழைத்துவந்த எங்கள் இளைய மகள் எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை போலிருந்தது.

கோழிவலை என்பது கோழியை உள்ளே நிறுத்துவதற்கு ஏற்பட்டதேயன்றிப் பகையை வெளியே நிறுத்துவதற்கு ஏற்பட்டதன்று. இதை நான்கு உயிர்களைக் கொடுத்துக் கற்றோம். இரண்டாம் முறை துத்தநாகம் பூசிய கம்பிகளைச் சதுரமாகப் பற்றவைத்த அரையங்குலக் கண் வலையையே வாங்கினோம். எலியும் பாம்பும்கூட அதில் எளிதில் நுழைய மாட்டா. கூட்டின் அடியில் ஓரடி ஆழத்துக்குச் செங்கற் சுவர் எழுப்பித் தரைக்குக் காரை போட்டோம். கோழிகள் பகலில் உலவும் அடைப்பைச் சுற்றி, வலையை மண்ணுக்குள் செங்குத்தாக இறக்காமல், வெளிப்புறமாக ஒன்றரையடி படுக்கவைத்து மேலே மண்ணை மூடினோம். தோண்டும் பிராணி சுவரின் அடியிலேதான் தோண்டும். அங்கே வலை காலில் தட்டுப்படும். இரண்டடி பின்வாங்கித் தோண்டலாமே என்னும் யுக்தி அதற்குத் தோன்றுவதில்லை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள். வெறுங்கொண்டி போதாது. இங்கத்துக் குரங்குகளின் கைத்திறன் அன்பர்கள் அறியாததன்று.

வேலைக்கு வந்த மிஸ்திரி முதல் நாளே, "எட்டுப் பல்லி வேண்டும்" என்றார். எங்கள் வீட்டு அம்மாள் திடுக்கிட்டுப் போனார். இந்தியில் அச்சொல் கட்டடச் சாரத்துக்கு நிறுத்தும் யூகலிப்டஸ் கழிகளைக் குறிக்கும் என்று விளங்கிய பிறகே காபி கிடைத்தது.

திசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் சித்திரையில் சூரியன் உச்சிக்கு வந்து, ஆனியில் நடுப்பகலிலே வடக்கே சாய்ந்து நிற்கும். இங்கே, கடகரேகைக்கு வடக்கே, நண்பகற் சூரியன் ஒருநாளும் உச்சியைக் கடந்து வடபுறம் போவதில்லை. கோடையில் ஏறத்தாழ உச்சியில் நிற்கிறான். மார்கழியில் தெற்கே மிகத் தாழ்ந்து வருகிறான். ஆகவே கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். தென்புறம் முழுதும் வலையாக விட்டுக் கூரையை ஒன்றரையடி முன்னே நீட்டினால், கோடை நண்பகலின் வெயில் உள்ளே வாராது. குளிர்காலத்து வெயிலோ பின்சுவர்வரை வந்து விழும். மேற்குச் சுவரை மட்டும் ஒரு துளையுமின்றிச் செங்கல்லால் கட்டினோம். வைகாசி, ஆனியில் 'லூ' என்னும் அனற்காற்று அத்திசையிலிருந்தே வீசுகிறது. வடபுறம் நான்கடிவரை சுவர், அதற்குமேல் வலை.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இளைத்தே அது தன் சூட்டைத் தணிக்கிறது. அதன் உடற்சூடே ஏறத்தாழ 41 பாகை. வெளியே 45 பாகை எரியும் நாளில் அது எங்கே போகும்? வெறுந்தகரக் கூரை அன்றைக்கு அடுப்பேயாகும். தகரத்தின்மேல் சர்க்கண்டா நாணலால் ஒரு முழத் தடிப்பில் வேய்ந்தோம். யமுனைக்கரைக் கிராமத்தார் வேய்ந்து தருகிறார்கள். வெட்டிவேர்த் தட்டி கட்டலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அது எங்கள் கைக்கு எட்டவில்லை. நனைத்த சாக்கே போதுமாயிருந்தது. சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டர் நீர் குடிக்கும். அக்கினி நாட்களில் இருமடங்கு வையுங்கள்.

குளிர்காலத்தில் மற்றொரு பிழை செய்தோம். தை மாதத்து மூடுபனியில் வெப்பம் ஐந்து பாகைக்கு இறங்கியபோது, இரக்கப்பட்டுக் கூட்டை நாற்புறமும் தார்ப்பாயால் மூடினோம். சில நாட்களில் கோழிகள் தும்மத் தொடங்கின. காலையில் பாயைத் தூக்கினால் எச்சத்தின் நவச்சார நெடி கண்ணைக் கரித்தது. உள்ளே ஈரம் சொட்டியது. சிறகைப் புடைத்துக்கொண்டு உட்காரும் கோழி உலர்ந்த குளிரைத் தாங்கும். ஈரத்தைத் தாங்காது. இப்போது அவை உட்காரும் உயரம்வரைதான் சாக்கைத் தொங்கவிடுகிறோம். கூரையை ஒட்டிய வலை ஆண்டு முழுதும் திறந்தேயிருக்கிறது.

ஆறு கோழிக்கு ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள கூடு போதும். உலவும் அடைப்பு அறுபது சதுர அடி. உட்காரும் கழி தலைக்கு ஒன்பதங்குல வீதம், தரையிலிருந்து இரண்டரையடி உயரத்தில் இருக்கட்டும். இரண்டங்குல அகலமும் முனை மழுங்கலும் இருந்தால் குளிரில் கால்விரல்களைச் சிறகால் மூடிக்கொள்ளும். முட்டையிடும் பெட்டி ஓரடிச் சதுரத்தில் இரண்டு. அவை கழியைவிடத் தாழ இருப்பது முக்கியம். கோழி எப்போதும் உயர்ந்த இடத்திலேதான் உறங்கும். பெட்டி உயர்ந்திருந்தால் அங்கேயே உறங்கி முட்டையை அசுத்தப்படுத்திவிடும். தரையில் நான்கங்குலம் உமி பரப்பி வாரமிருமுறை கிளறிவிட வேண்டும். உமி இங்கே எளிதில் கிட்டாத மாதங்களில் மரத்தூள் போடுகிறோம்.

எந்த இனம் என்று கேட்போருக்கு: ஐதராபாத் ராஜேந்திரநகரில் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய வனராஜாவும் கிராமப்பிரியாவும் கொல்லைக்கென்றே ஏற்பட்டவை. முட்டைக்குப் பின்னது மேல். பரேலியை அடுத்த இஜத்நகரின் மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய இனங்களைத் தந்திருக்கிறது. இளங்குஞ்சுக்கு நான்கு வாரம் விளக்குச் சூடு வேண்டும். ஆகையால் புதியவர்கள் இரண்டு மாதத்துக் கோழியாக வாங்குவதே நலம். மார்கழியில் முட்டை குறைந்தால் கோழியைக் குறை சொல்ல வேண்டாம். நன்றாக இட அதற்குப் பதினான்கு மணி நேர வெளிச்சம் தேவை. இங்கே அப்போது பகல் பத்தேகால் மணிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

நோய்களுள் வெள்ளைக்கழிச்சலே பெரும் பகை. இங்குள்ள மருத்துவர்கள் அதைக் குமாவோன் மலையூராகிய ராணிக்கேத்தின் பெயரால் வழங்குகிறார்கள். தடுப்பு மருந்தைத் தவறவிடலாகாது. 2021 ஜனவரியில் தில்லியில் காகங்களும் வாத்துகளும் பறவைக் காய்ச்சலால் இறந்தன. காஜீப்பூர் கோழிச் சந்தையைச் சில நாள் மூடினார்கள். அதுமுதல் அடைப்புக்கு மேலேயும் கூரை போட்டுவிட்டோம். தீனித் தட்டில் புறாவுக்கும் காகத்துக்கும் இடமில்லை. கோழிகள் திடீரென்று அடுத்தடுத்து இறந்தால், தொடாமல் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

அண்டை வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது உத்தமம். வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் இசைவும் வேண்டும். எங்கள் வலப்பக்கத்து வீட்டார் சுத்த சைவர். நாற்றமும் கூவலும் இரா என்று வாக்களித்த பிறகே கடைக்கால் போட்டோம். சேவல் வைக்கவில்லை. முட்டைக்குச் சேவல் வேண்டும் என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். குஞ்சு பொரிப்பதற்கு மட்டுமே வேண்டும்.

கீரிக்குத் தப்பிய இரண்டில் ஒன்று இன்றும் இருக்கிறது. முட்டையிடுவதை அறவே நிறுத்திவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

கூட்டின் வரைபடத்தை வேண்டுவோர் அடுத்த சங்கக் கூட்டத்தன்று எங்களிடம் பெற்றுக்கொள்ளலாம். அரையங்குல வலை இரண்டு கஜம் மிஞ்சியிருக்கிறது. முதலில் கேட்பவருக்கு அது.