ஹெல்மெட் மட்டும் கப்பலேறும்

தாம்பரத்திலிருந்து தனியாளாக பைக்கிலேயே இலங்கை போய்வர ஆசையா? கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் நாகப்பட்டினம். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய சேவை அது. சுமார் 4 மணி நேரத்தில் அக்கரை. ஆனால் அதில் ஆள் ஏறலாம், வண்டி ஏறாது! நாகையில் வண்டியை விட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

சொந்த வண்டிதான் வேண்டும் என்றால் சரக்குக் கப்பலில் அனுப்ப வேண்டும். அதற்குக் 'கார்னே' என்ற சுங்க ஆவணம் தேவை: வண்டியை அங்கே விற்காமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கு உத்தரவாதம். டேங்கிலுள்ள பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை நம்மூர் ஆர்.டி.ஓ. அலுவலகமே தரும்; ஓராண்டு செல்லும். இலங்கையிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.