விடிந்தால் தூக்கு! அப்பாவுக்கு ஒரு கடிதம்!

சென்ட்ரல் ஜெயிலில் எழுதிய வாலிபர் யார்?

சென்னை சென்ட்ரல் ஜெயிலில் 1943-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந்தேதி ஒரு கைதி தன் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் காலையில் அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

அந்த வாலிபருக்கு வயது 26. பேர் அப்துல் காதர். ஊர் திருவனந்தபுரம் பக்கத்தில் உள்ள வக்கம்.

கேரளத்தில் 'வக்கம் காதர்' என்றால் தெரியும். ஆனால் அவர் உயிர்விட்ட சென்னையிலே கேட்டால் "யாருங்க அது?" என்பார்கள். புளியந்தோப்பிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம், அவ்வளவு கிட்டத்தில் நடந்தது இது!

கடிதத்தில் என்ன?

கடிதம் அழுது புலம்பவில்லை. தகப்பனார், தாயார், உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் விளித்து விடைபெறுகிறார். நாளைக் காலை 6 மணிக்குள் தன் உயிர் போய்விடும் என்று நேரத்தையும் சொல்லிவிடுகிறார்.

தூக்குமேடைக்குத் தான் எவ்வளவு தைரியமாக நடந்துபோனேன் என்பதைப் பார்த்தவர்கள் ஒருநாள் உங்களிடம் சொல்வார்கள், அப்போது நீங்கள் பெருமைப்படுவீர்கள் என்று பெற்றோருக்குத் தேறுதலும் சொல்கிறார். சாகப்போகிற பிள்ளை இருக்கிறவர்களுக்கு ஆறுதல் சொன்னது!

அப்போது நோன்பு மாதம். தூக்கு நாள் வெள்ளிக்கிழமை.

சர்க்கார் தஸ்தாவேஜைப் பார்த்தால் அவர் 'எதிரியின் ஆள்'. கடிதத்தைப் பார்த்தால் நாட்டுக்காக உயிர் கொடுத்த பிள்ளை. இரண்டு காகிதமும் ஒரே ஆளைப் பற்றியதுதான். அப்படியானால் இந்தக் கடிதம் எங்கிருந்து கிளம்பி வந்தது?

படகோட்டி மகன்

தேடிக்கொண்டு போனால் அது ஒரு படகுத்துறையில் போய் நிற்கிறது. காதரின் தகப்பனார் வாவாக்குஞ்சு வக்கத்தில் படகோட்டி. 1917-ம் ஆண்டு மே 25-ந்தேதி பிறந்த காதர், பிழைப்புத் தேடி 1938-ல் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே பொதுமராமத்து இலாகாவில் வேலை கிடைத்தது.

அந்தக் காலத்தில் தஞ்சாவூர், ராமநாதபுரம் ஆட்கள் எத்தனையோ பேர் போன அதே வழிதான். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்புவது, வருடம் போனால் ஒரு தடவை வந்து பார்ப்பது என்று போயிருக்க வேண்டிய வாழ்க்கை.

1941 டிசம்பரில் ஜப்பான் மலேயாவுக்குள் புகுந்தது. 1942 பிப்ரவரி 15-ந்தேதி சிங்கப்பூரும் விழுந்தது. வெள்ளைக்காரன் கையைத் தூக்கிவிட்டான்! தோட்டத்திலும் ஆபீசிலும் வேலை செய்த இந்தியர்கள் பலர் இந்திய சுதந்திர லீகில் சேர்ந்தார்கள். காதரும் சேர்ந்தார்.

பினாங்கில் ஒரு பள்ளி

லீகின் மலேயாத் தலைவராக இருந்தவர் வக்கீல் என்.ராகவன். அவர் பினாங்கில் 'இந்திய சுயராஜ்யப் பயிற்சி நிலையம்' ஒன்றைத் தொடங்கினார். இந்தியாவுக்குள் ரகசியமாகப் போய் வேலை செய்ய வாலிபர்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. ராகவனைக் கேட்காமலே ஜப்பானிய ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்த வாலிபர்களைப் பிரித்து எடுத்து, இந்தியாவுக்கு அனுப்பி வைத்தார்கள். "எங்கள் பிள்ளைகளை நீங்கள் எப்படி அனுப்பலாம்?" என்று அவர் சண்டை பிடித்தார். பயிற்சி நிலையத்தையே மூடினார். ஆனால் போனவர்கள் போய்விட்டார்கள்.

நீர்மூழ்கியில் வந்தார்கள்

1942 செப்டம்பர் கடைசியில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் மலபார் கரைக்கு வந்தது. அதிலிருந்து காதரும் கூட்டாளிகளும் தானூர் கரையில் வந்து இறங்கினார்கள். சொந்த மண்ணை மிதித்த சந்தோஷம் நீடிக்கவில்லை. கொஞ்ச நேரத்திலேயே போலீஸ் கையில் சிக்கினார்கள்.

இன்னொரு கூட்டம் கத்தியவார் கரையில் இறங்கியது. வேறு சிலர் பர்மா வழியாகக் காட்டிலும் மேட்டிலும் நடந்து வந்தார்கள். எல்லோரும் பிடிபட்டார்கள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. வழக்கும் கைதிகளும் சென்னைக்கு வந்தது இப்படித்தான்.

சென்னையில் பீதி

அன்றைய சென்னையின் நிலைமை என்ன? 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திரிகோணமலையிலும் குண்டு போட்டன. விசாகப்பட்டினம், காக்கிநாடாவும் தப்பவில்லை. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு. சர்க்கார் ஆபீஸ்கள் பல வெளியூருக்குப் போயின. மூட்டை முடிச்சோடு ஜனங்கள் கிளம்பினார்கள். துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் வடசென்னையில் வயிற்றில் புளியைக் கரைத்தது.

புளியந்தோப்புக்குப் பக்கத்திலே பின்னி கம்பெனியின் பி அண்டு சி மில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்து கொடுத்த மில் அது. ஒருபக்கம் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குத் துணி. இன்னொரு பக்கம் வெள்ளைக்காரனை விரட்ட வந்தவர்கள் ஜெயிலில். இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில்!

ஐந்து பேருக்குத் தூக்கு

வழக்கு ரகசியமாக நடந்தது. அந்த வருஷம் கொண்டுவந்த 'எதிரி ஏஜெண்டுகள் அவசரச் சட்ட'த்தின்படி தனி நீதிபதி விசாரித்தார். 1943 ஏப்ரல் 1-ந்தேதி தீர்ப்பு. ஐந்து பேருக்குத் தூக்கு!

மறுபரிசீலனையில் போனிபேஸ் பெரைரா என்பவரின் உயிர் தப்பியது. மற்ற நாலு பேருக்கும் தண்டனை உறுதியானது.

காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், பவுஜா சிங். இரண்டு மலையாளிகள், ஒரு வங்காளி, ஒரு பஞ்சாபி. ஒரு முஸ்லிம், இரண்டு இந்துக்கள், ஒரு சீக்கியர். நாலு மூலையிலிருந்து வந்து ஒரே ஜெயிலில், 1943 செப்டம்பர் 10-ந்தேதி ஒரே நாளில் உயிரை விட்டார்கள்.

தப்பிய போனிபேசுக்கும் காதர் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதே வருஷம் ஜூலையில்தான் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இயக்கத்தின் தலைமையை ஏற்றார். அவர் அங்கே பட்டாளம் திரட்டிக்கொண்டிருந்தபோது இவர்கள் இங்கே நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நேதாஜியும் 1932-ல் இதே சென்னை ஜெயிலில் அடைபட்டுக் கிடந்தவர்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

காதர் போன மறுமாதம், 1943 அக்டோபரில், ஒரு ஜப்பான் விமானம் சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது.

ஜெயில் இப்போது எங்கே?

கடிதம் பிறந்த இடத்தைப் பார்க்கலாம் என்று போனால் சுவர்கூட இல்லை. 1837-ல் கட்டிய ஜெயில் அது. 2006-ல் புழலில் புது ஜெயில் வந்தது. கைதிகள் அங்கே போனார்கள். 2009-ல் சில நாள் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தார்கள். அப்புறம் இடித்துவிட்டார்கள்.

அந்த இடம் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. உயிரைப் பறித்த இடத்தில் இப்போது உயிரைக் காப்பாற்றப் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு வாங்கப் போகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்த நாலு பேரைத் தெரியும்?

கட்டடம் போனது. காகிதம் நின்றது. 1998-ல் காதருக்குத் தபால்தலை வெளியானது. 'எதிரியின் ஆள்' என்று ஒரு சர்க்கார் எழுதியதை, இன்னொரு சர்க்கார் தபால்தலை போட்டு மாற்றியது. நடுவிலே அவர் மனசை அவர் வாயாலேயே சொன்ன சாட்சி அந்தக் கடிதம்தான்.

உங்கள் வீட்டுப் பெட்டியில்?

பட்டாளம், கப்பல், பர்மா, மலேயா என்று போன தாத்தாக்கள் வடசென்னையில் நிறைய. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடியிலே குடியேறினார்கள். இந்த வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் பழைய கடிதம் இல்லாமலா போகும்?

பண்டிகைக்கு வீடு ஒழிக்கும்போது அதுதான் முதலில் பழைய பேப்பர்காரர் தராசுக்குப் போகிறது. கிலோவுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது?

போர்க்காலக் கடிதத்தில் எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று இருக்காது. சொல்லக்கூடாது என்பது பட்டாளத்துச் சட்டம். அதனால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். பட்டாளத் தபால் முத்திரையில் ஒரு எண் இருக்கும். எந்தத் தேதியில் எந்தப் பிரிவு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க அதுதான் சாவி. தணிக்கை முத்திரை, சிப்பாய் நம்பர், ரெஜிமெண்டு பேர் எல்லாமே துப்புத்தான்.

போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பேரைத் தேடலாம். நந்தம்பாக்கம் போர்க் கல்லறையும் அந்த ஆணையத்தின் பராமரிப்பில்தான் இருக்கிறது. பழைய சர்க்கார் ரெக்கார்டுகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

எழுத்து புரியவில்லை என்றால் படிக்கத் தெரிந்த பெரியவரிடம் காட்டுங்கள். போட்டோ எடுத்து வையுங்கள். வக்கத்துப் படகோட்டி வீட்டுக்கு வந்த கடிதத்தை அன்றைக்கு யாராவது அடுப்பில் போட்டிருந்தால், இன்றைக்கு காதர் வெறும் ஒரு கேஸ் நம்பர்!