பரி நரியாகாமல் இருக்க...

சந்தையில் குதிரை வாங்குவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது இருபது வருட வேலை. முதல் நாளில் விடும் தவறு அத்தனை வருடமும் தீனி கேட்கும்.

நல்ல கறுப்புக் குதிரை. பளபளவென்று மின்னியது. 22.65 லட்சம் ரூபாய் விலை பேசி வாங்கிப்போனார் பஞ்சாபைச் சேர்ந்த ஒரு வியாபாரி. குதிரை வாங்கி விற்பதில் லாபம் பார்க்கலாம் என்பது அவர் எண்ணம். வீட்டில் வைத்துக் குளிப்பாட்டியபோது கறுப்பு தண்ணீரோடு கரைந்து ஓடியது. உள்ளே இருந்தது சாதாரணப் பழுப்புக் குதிரை. 2022 ஏப்ரலில் போலீஸுக்கு வந்த புகார் இது.

தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர் அந்தப் பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்துவிட, நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன, இரவில் மறுபடி நரிகளாகின என்கிறது திருவிளையாடல். அது இறைவனின் லீலை. இன்றைய சந்தைகளில் நடப்பது மனிதர்களின் லீலை. முடிச்சாயம், வலிநிவாரணி ஊசி, அரம் போட்ட பல் என்று அதற்குக் கருவிகளும் இருக்கின்றன.

கார் வந்த பிறகு குதிரைக்கு மவுசு போய்விட்டது என்று நினைப்பவர்கள் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ராஜஸ்தானின் புஷ்கருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒட்டகச் சந்தை என்று உலகப் புகழ் பெற்ற அந்த மணல்வெளியில் அண்மை ஆண்டுகளில் ஒட்டகங்களைவிடக் குதிரைகளே அதிகம். அதே பௌர்ணமியில் பீகாரில் கங்கையும் கண்டகியும் கூடும் சோன்பூரில் குதிரைக் கடைகள் விரிகின்றன. டிசம்பரில் தத்த ஜெயந்தி சமயத்தில் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், தபதிக் கரையிலுள்ள சாரங்கேடாவில் கூட்டம் அலைமோதுகிறது. ஜனவரியில் பஞ்சாபின் முக்த்சர். ஆடியில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தை.

வாங்குகிறவர்களும் பல ரகம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட வாங்குபவர்கள், இனப்பெருக்கப் பண்ணை நடத்துபவர்கள், மலை வாசஸ்தலங்களில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பிழைப்பவர்கள். இவர்களுக்கு ஓரளவு விஷயம் தெரியும். அதிகம் ஏமாறுவது நான்காவது ரகம்: பண்ணை வீட்டு வாசலில் ஒரு குதிரை நின்றால் கௌரவமாக இருக்கும் என்று முதல்முறையாக வாங்க வருபவர்கள்.

கோடி என்பது விலையா?

ஒவ்வொரு வருடமும் சந்தைச் செய்திகளில் ஒரு கோடீஸ்வரக் குதிரை தவறாமல் இடம்பெறும். 2025 புஷ்கர் சந்தையில் சண்டிகரிலிருந்து வந்த ஒரு மார்வாரிக் குதிரைக்கு 15 கோடி என்று விலை சொல்லப்பட்டது. சொன்ன விலை வேறு, கைமாறிய விலை வேறு. இப்படிப்பட்ட குதிரைகள் பெரும்பாலும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகின்றன. உரிமையாளரின் உண்மையான வருமானம், பெண் குதிரைகளோடு சேர்க்க வாங்கும் கட்டணத்தில் இருக்கிறது. அந்த புஷ்கர் குதிரைக்கு அப்படிக் கேட்கப்பட்ட கட்டணம் 2 லட்சம். கோடிக்கணக்கில் சொல்லப்படும் விலை அதற்கு இலவச விளம்பரம்.

நிஜமான வியாபாரம் சில பத்தாயிரங்களில் தொடங்கிச் சில லட்சங்களில் முடிகிறது. இனம், உயரம், நிறம், வயது, பழக்கம் எல்லாம் விலையைத் தீர்மானிக்கின்றன. மார்வாரி, கத்தியவாரி இனங்களுக்கு அடையாளம், நுனிகள் ஒன்றையொன்று தொடுமளவு உள்நோக்கி வளைந்த காதுகள். பஞ்சாபில் இளஞ்சிவப்புத் தோலும் வெள்ளை ரோமமும் கொண்ட நுக்ராவுக்கு மதிப்பு. உயரத்தை அங்குலக் கணக்கில் பேசுகிறார்கள். ஓர் அங்குலம் கூடினாலும் விலை ஏறும். அதனால் அளவுகோலை வாங்குபவரே கொண்டுபோவது நல்லது. கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். குதிரை சமதரையில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் சுழி சாஸ்திரம். நான்கு கால்களிலும் முகத்திலும் வெள்ளை இருந்தால் பஞ்சகல்யாணி, அதிர்ஷ்டம். இன்ன இடத்தில் சுழி இருந்தால் எஜமானுக்கு ஆகாது. மார்வாரில் மட்டுமல்ல, நம் மாட்டுச் சந்தைகளிலும் இதே பேச்சுதான். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சுழி தேடும் நேரத்தில் பாதியையாவது குளம்பு பார்ப்பதில் செலவழித்தால் பணம் மிஞ்சும்.

பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்த்தே ஆக வேண்டும். முன்வாயில் மேலே ஆறு, கீழே ஆறு வெட்டுப் பற்கள். நடு ஜோடிப் பால்பற்கள் இரண்டரை வயது வாக்கில் விழுந்து புதுப்பல் வரும். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். பால்பல் நிற்கும் குட்டியை 'ஏறிப் போகத் தயார்' என்று விற்றால் அதன் எலும்பு இன்னும் முற்றவில்லை என்று பொருள். அந்த வயதில் பாரம் ஏற்றினால் கால் கெடும்.

ஐந்துக்கு மேல் பல்லின் மேற்பரப்பில் உள்ள கிண்ணம் போன்ற குழிகள் கணக்குச் சொல்லும். கீழ்வரிசையின் நடுப்பற்களில் ஆறு வயதிலும், அடுத்ததில் ஏழிலும், ஓரத்தில் எட்டிலும் அவை தேய்ந்து மறையும். பத்து வயது வாக்கில் மேல்வரிசை ஓரப்பல்லில் ஒரு பள்ளக்கோடு தெரிய ஆரம்பித்து, இருபதில் பல்லின் முழு நீளத்துக்கும் இறங்கும். கிழட்டுப் பல்லில் குழி தோண்டிக் கறுப்பேற்றி இளமையாக்கும் வேலை பல நூற்றாண்டுகள் பழையது. ஆனால் வயதாக ஆகப் பற்கள் முன்பக்கம் சாய்வதை யாராலும் மறைக்க முடியாது. பக்கவாட்டில் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

வாயைத் திறந்தால் இன்னொரு கதையும் தெரியும். முள் வைத்த கடிவாளத்தை 1965ஆம் ஆண்டு விதிகள் தடை செய்தும் அது ஒழிந்தபாடில்லை. நாக்கிலும் உதட்டோரத்திலும் தழும்பு இருந்தால், அந்தக் குதிரை வலிக்குப் பயந்து அடங்கியிருக்கிறது. வலி விட்டதும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது புது எஜமானுக்குத்தான் தெரியவரும்.

அடுத்து கால்கள். குளம்பு இல்லையேல் குதிரை இல்லை. கட்டாந்தரையில், கயிற்றைத் தளரவிட்டு, மெல்லோட்டத்தில் வரவும் போகவும் செய்து பார்க்க வேண்டும். முன்கால் ஒன்றில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். மணலில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் சந்தேகப்படலாம். வலிநிவாரணி ஊசி போட்டால் நொண்டிக் குதிரையும் சில மணி நேரம் ராஜநடை போடும். எனவே ஒரே நாளில் முடிவு செய்யாமல், மறுநாள் அதிகாலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய் இன்னொரு தடவை பார்ப்பது பலன் தரும்.

முரட்டுக் குதிரையை நாலு சுற்று ஓட்டிக் களைக்கவைத்துச் சாதுவாகக் காட்டுவதும் உண்டு. வாங்கப்போகும்போதே உடம்பு வியர்த்திருந்தால் கேள்வி கேட்க வேண்டும். சேணம் பூட்டுவது முதல் ஏறி ஓட்டுவது வரை முதலில் விற்பவரே செய்து காட்டட்டும். அவரே ஏறத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். முதல்முறை வாங்குபவர்களுக்கு ஆண் குதிரை வேண்டாம் என்பது அனுபவஸ்தர்களின் பொதுவான அறிவுரை. வயதில் முதிர்ந்து பழகிய பெண் குதிரையோ காயடித்த குதிரையோ போதும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை சில சமயம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது கற்றதெல்லாம் வேகம்தான்.

ரத்தம் சொல்லும் உண்மை

வாங்குபவர் தன் செலவில், தானே அழைத்துப்போகும் கால்நடை டாக்டர்தான் முக்கியமான பாதுகாப்பு. விற்பவர் காட்டும் டாக்டர் அல்ல. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் இதயம், நுரையீரல், இருட்டில் கண்கள், காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டு மூட்டுகள். சினை என்று கூடுதல் விலை கேட்டால் ஸ்கேன். பதினொரு மாதம் காத்திருந்து ஏமாறுவதைவிட அது மலிவு.

எல்லாவற்றுக்கும் மேல் ரத்தப் பரிசோதனை. கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் 2006இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டி, பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. தடுப்பூசி கிடையாது. மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது. 2009ஆம் ஆண்டு கால்நடை தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதைத் தெரிவித்தாக வேண்டும். நோய் உறுதியானால் குதிரையைக் கொன்று ஆழப் புதைப்பதைத் தவிர வழியில்லை. அரசு தரும் நஷ்டஈடு நல்ல குதிரையின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. பக்கத்தில் கட்டியிருந்த குதிரைகளும் பரிசோதனைக்கு ஆளாகும். ஹரியானாவின் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இந்த நோய்ப் பரிசோதனையில் முன்னோடி. 'நோய் இல்லை' என்ற சான்றிதழ் இல்லாத குதிரைக்கு முன்பணம்கூடக் கொடுக்கக் கூடாது. சான்றிதழில் உள்ள குதிரையும் எதிரே நிற்கும் குதிரையும் ஒன்றுதானா என்பதை நிறம், வெள்ளைக் குறிகள், சுழிகளை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மைக்ரோசிப் இருந்தால் இன்னும் நல்லது. இதே அடையாளங்கள் விற்பனை ரசீதிலும் ஏற வேண்டும். சுழிக்கு இப்படி ஓர் உண்மையான பயன் இருக்கிறது!

வீட்டுக்கு வந்த குதிரையை மற்றக் குதிரைகளோடு உடனே கட்டாமல் இரண்டு, மூன்று வாரங்களாவது தனியே வைப்பது அவசியம். 2008இல் ஜம்முவின் கட்ராவில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் பல மாநிலங்களுக்குப் பயணம் செய்தது, குதிரைகளோடு சேர்ந்துதான்.

கொள்ளு என்றால் வாய் திறக்கும்

விலையைக் கொடுத்த பிறகுதான் செலவு ஆரம்பம். குதிரை தினமும் தன் எடையில் சுமார் 2 சதவிகிதம் உலர்தீனி தின்னும். வேலை இருந்தால் இன்னும் கொஞ்சம். 400 கிலோ குதிரைக்கு 7 கிலோ உலர்புல், 3 கிலோ கொள்ளு, தவிடு, தானியம் என்று வைத்துக்கொள்வோம். புல் கிலோ 10 ரூபாய், தானியம் 40 ரூபாய் என்று போட்டாலும் நாளைக்கு 190, வருடத்துக்கு சுமார் 70 ஆயிரம். கவனித்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 12 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 1.44 லட்சம். இரண்டும் சேர்ந்து 2.14 லட்சம். விலைவாசி ஊருக்கு ஊர் மாறலாம், கணக்கு மாறாது. இதில் ஆறு வாரத்துக்கொரு முறை லாடம், குடற்புழு மருந்து, டெட்டனஸ் ஊசி, லாயம், சேணம், டாக்டர் செலவு எதுவும் சேரவில்லை. இரண்டு லட்சத்துக்கு வாங்கிய குதிரை வருடா வருடம் தன் விலையைத் தின்கிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயது தாண்டியும் வாழும்.

கணக்கில் வராத செலவு, ராத்திரி வரும் வயிற்று வலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. திடீரென்று மாற்றிய தீனியோ குறைந்த தண்ணீரோ சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். மாட்டு டாக்டர் எல்லா ஊரிலும் கிடைப்பார். குதிரை பார்த்துப் பழகியவர் கிடைப்பது அபூர்வம். லாடம் அடிக்கத் தெரிந்தவரும் அப்படித்தான். இந்த இருவரும் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சந்தைக்குக் கிளம்புவதே புத்திசாலித்தனம்.

பாண்டியர்களே இதில் சறுக்கியவர்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வாங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளில் வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. வியாபாரத்துக்கு அதுவே வசதி என்று, குதிரை விற்றவர்கள் லாடக்காரர்களை இங்கே வரவிடவில்லை என்பது அவர் தரும் விளக்கம்.

இன்று குதிரை உடனே சாவதில்லை. கைமாறுகிறது. ஆசை தீர்ந்த பண்ணை வீட்டிலிருந்து கல்யாண வாடகைக்கு, அங்கிருந்து பாரவண்டிக்கு, கடைசியில் தெருவுக்கு. ஊட்டி வீதிகளில் குப்பைத் தொட்டியை மேயும் குதிரைகளும் ஒரு காலத்தில் யாரோ விலை பேசி வாங்கியவைதான். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்கள். யோசிக்காமல் வாங்குகிறவர் பறிக்கும் குழியில் பெரும்பாலும் விழுவது குதிரைதான்.